குளிக்கப் போனவர்

எங்கள் நால்வருக்கும் சேர்த்து அந்த நாவல் ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. அதையும் நான்தான் கத்தியால் நான்காக அறுத்தேன். இதை யாரிடம் சொன்னாலும் முகம் சுளிக்கிறார்கள். புத்தகத்தை அறுப்பது பாவம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வேறு வழி இல்லை, பொறுமையும் இல்லை. பொறுமை எனக்கு இன்றைக்கும் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். தூத்துக்குடியில் ஆறாவது பாரம் படித்துக்கொண்டிருந்தோம். வருஷ முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. தமிழில் நான்டீடெயில் என்று ஒன்று உண்டு. வகுப்பில் நடத்தாமல் நாமாகப் படித்துக்கொள்ள வேண்டிய கதைப் புத்தகம். அந்த வருஷத்துக்கு வந்தது போன நூற்றாண்டு நாவல். வெள்ளைக்காரன் ஆட்சி இங்கே வேர்பிடித்து, தமிழில் நாவல் என்ற ஒன்று அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த நாளில் எழுதியது. ஒரு வாக்கியம் தொடங்கினால் அரைப் பக்கம் போய்த்தான் மூச்சு விடும். பாதி சமஸ்கிருதம். பத்தி பிரிப்பதே கிடையாது.

காகிதத் தட்டுப்பாட்டில் அது மறு அச்சு வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிரதியைக் கரையான் எங்களை முந்திக்கொண்டு படித்துவிட்டது. தமிழ் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த தையல் டீச்சர், “கதைதானே, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

நாங்கள் நான்கு பேர் ஒரு கூட்டு. நான் ஏரல்காரி. அப்பா மிளகாய் வத்தல், கருப்பட்டி வியாபாரத்துக்காகத் தூத்துக்குடி வந்து, சரக்கு அடைத்து வைக்க ஒரு கிட்டங்கி எடுத்தவர். மில்லர்புரத்துக்காரி ஒரு குமாஸ்தாவின் மகள். அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. குலசைக்காரி, அதாவது குலசேகரன்பட்டினத்துப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவாள். நான்காமவள் கடற்கரைத் தெருவிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண். அவள் அப்பா சங்குக்குளியாளி, கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். இளவயதில் முத்தும் எடுத்தாராம். ஒருவரையொருவர் இப்படி ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். பெயரெல்லாம் வகுப்பேட்டில் இருந்தது. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

கடற்கரைக்காரிக்குத்தான் அந்தப் பரீட்சை வாழ்வா சாவா என்பது. கணக்கில் புலி. இங்கிலீஷும் தேவலை. தமிழ் மட்டும் அரைப் பரீட்சையில் கவிழ்ந்துவிட்டது. கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பாள். பாஸ் பண்ணினால் டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புவதாக அவள் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஃபெயிலானால் கொழும்பில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரருக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. அவர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மாப்பிள்ள நல்லவர்தானாம்ளா. எனக்குத்தான் கரும்பலகைக்கு முன்னால நிக்கணும்னு கெடக்கு” என்பாள். அதைச் சொல்லும்போது கையைத் தூக்கி வெறும் காற்றில் ஒரு ‘அ’ போடுவாள்.

தமிழில் வகுப்பிலேயே முதல் நான்தான். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. “இவளை நான் தேத்தி விடுதேன்” என்று எல்லோர் முன்னாலும் சபதம் போட்டேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

மில்லர்புரத்துக்காரியின் அப்பா அலுவலகத்தில் ஒருவரிடமிருந்து நாவலை வாங்கி வந்து கொடுத்தார். புத்தகத்துக்காரர் மாற்றலாகிப் போகிறார், பரீட்சை தொடங்குவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு பேர் மாற்றி மாற்றிப் படிக்க நாள் போதாது. அட்டை ஏற்கெனவே போயிருந்தது, தையல் விட்டிருந்தது. கிட்டங்கியில் சாக்கு கிழிக்கும் கத்தியை எடுத்து, பக்கங்களை எண்ணி, முதுகில் மூன்று வெட்டு. மில்லர்புரத்துக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். “பொறவு நானே தைச்சுத் தாரேன், அழாத” என்றேன்.

ஏற்பாடு இதுதான். ஆளுக்கு ஒரு பங்கு. அவரவர் பங்கை வாரம் முழுவதும் படித்து, ஞாயிற்றுக்கிழமை மற்ற மூவருக்கும் புத்தகத்தைப் பார்க்காமல் கதையாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். நான் சிவப்புப் பென்சிலால் திருத்துவேன். முதல் பங்கு ரொம்பக் கடினம், பெரியதும்கூட. அதை நானே எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பங்கை வேண்டுமென்றே சின்னதாக வெட்டிக் கடற்கரைக்காரியிடம் கொடுத்தேன். அவளுக்கு நான் செய்த பெரிய உபகாரம் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை தூக்குகிறவர்கள் வரமாட்டார்கள், கிட்டங்கி காலியாக இருக்கும். கடற்கரைக்காரி காலைப் பூசை முடித்து, சாப்பிட்டுவிட்டு வருவாள். வத்தல் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். யாராவது கொஞ்சம் அசைந்தால் போதும், நெடி ஏறி நால்வரும் தும்முவோம். ஏரலிலிருந்து பனங்கிழங்கு வந்திருந்தால் அவித்துக் கொண்டு போவேன். நாரை உரித்துக்கொண்டே கதை கேட்பது ஒரு சுகம்.

முதல் ஞாயிறு என்னுடையது. இரண்டு மணி நேரம் சொன்னேன். கதாநாயகனின் வம்சம், ஊரின் செழிப்பு, வயல்கள், தகப்பனாரின் தர்ம குணம், அவருடைய மைத்துனனின் கெட்ட புத்தி என்று ஒன்று விடவில்லை. குலசைக்காரி தகப்பனாரின் தர்ம குணத்திலேயே தூங்கிப்போனாள். என் பங்கின் கடைசிப் பக்கத்தில் கடைசி வாக்கியம் பாதியில் நின்றது. அதை அடுத்தவள் தொடங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பாதி வாக்கியத்தைச் சொல்வது என் அந்தஸ்துக்குக் குறைவு என்று ஒரு நினைப்பு.

இரண்டாவது ஞாயிறு கடற்கரைக்காரி எழுந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. “படிச்சேன். வெளங்கல” என்றாள்.

“இருக்கதே பன்னிரண்டு தாளு. அதுல வெளங்காததுக்கு என்னளா இருக்கு” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கொழும்புக்குக் கப்பல் ஏறு, அங்கே கடையில் அரிசி அள்ளிப் போடு என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. தன் பங்கைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை என்று காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவளே முதலில் வந்து மூட்டை மேல் ஏறி நின்றிருந்தாள். “எனக்கு இப்பம் வெளங்கிட்டு. எல்லாரும் உக்காருங்க” என்றாள்.

“குளிக்கப் போனாரு. யாரு? கதாநாயகனோட அப்பா. என் பங்குல மொத வார்த்தையே ‘குளிக்கப் போனவர்’தான். அது கண்ணுல பட்டதும் மத்ததெல்லாம் தன்னால தெறந்துட்டு. தனியாப் போவாவளா யாராவது? மைத்துனன் கூடப் போயிருக்கான். எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, குளியாளிக்குக் கயிறு பிடிக்கது யாருன்னு. பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். வேற ஆளுன்னா அசந்துருவான், வேடிக்க பாப்பான். மச்சான் அசர மாட்டான். ஏன்னா கீழ கெடக்கது அவன் தங்கச்சி தாலி.”

நான் நார் உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

“ஆளக் கீழ இழுக்கதுக்குக் கட்டுன கல்லுல கால வச்சு நிக்காரு. மூச்ச இழுத்துப் பிடிக்காரு. நீங்களும் பிடிங்க. நான் சொல்லுத வர விடப்பிடாது.”

பிடித்தோம். குலசைக்காரிகூடக் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கீழ போறாரு. காது அடைக்கு. வெளிச்சம் பச்சையா மாறிட்டு. தரையத் தடவித் தடவி எடுக்காரு, இடுப்புப் பையில போடுதாரு. பை நெறஞ்சிட்டு. போதும்னு கயித்த ஒரு இழுப்பு. மேல உள்ளவன் தூக்கணும். தூக்கல. இன்னொரு இழுப்பு. தூக்கல. மூணாவது இழுக்கப் போறாரு, கயிறு தன்னால கீழ வருது. முழுக் கயிறும் சுருண்டு சுருண்டு அவரு தலைமேல விழுது.”

அதற்கு மேல் எங்களால் பிடிக்க முடியவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டு, ஒரே நேரத்தில் இழுக்க, வத்தல் நெடி நேராக மண்டைக்குப் போயிற்று. தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குலசைக்காரி மூட்டையிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். செத்தது யார், தும்முவது யார் என்று தெரியாமல் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இம்புட்டும் புத்தகத்துல கெடக்கா?” என்று கேட்டேன்.

“‘மைத்துனன் உடனிருக்க, ஜலத்தினுட் சென்றவர் பின்பு மீண்டாரல்லர்’னு போட்டிருக்கு. மீதி எங்க அப்பா சொல்லித் தெரியும்.”

அந்த நேரத்தில் அவள் கையிலிருந்த தாளை வாங்கி ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவள் வீட்டில் ‘குளிக்கப் போயிருக்காவ’ என்றால் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். உடம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு அவர்கள் ‘மேலுக்கு ஊத்துதது’ என்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. கதை அப்படி என்னைப் பிடித்துக்கொண்டது.

சந்தேகம் வராமலும் இல்லை. “நான் சொன்ன பங்குல ஊரு பூரா வயலா இருக்கு. கடல் எங்கன இருந்து வந்துது?” என்று கேட்டேன்.

“எங்க ஊர்ல வயலும் இருக்கு, கடலும் இருக்கு. ஏரல்ல இல்லன்னா உலகத்துலயே இல்லையா?” என்றாள் குலசைக்காரி. தூங்குமூஞ்சி என்று நாங்கள் நினைத்தவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதும் நான் மறுபடியும் நார் உரிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நாவலில் எல்லாம் பொருந்திப் பொருந்தி வந்தது. மூன்றாவது பங்கை மில்லர்புரத்துக்காரி சொன்னாள். அவள் குரல் கேட்பதற்காகத் தலைகளை ஒன்றாக முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மைத்துனன் சொத்தையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறான். கதாநாயகனும் தாயும் தெருவில் நிற்கிறார்கள். வருஷங்கள் கழித்து வியாதியில் படுத்துக் கிடக்கும் மைத்துனன், “அன்று கைவிட்ட பாதகன் யானே” என்று கதறுகிறான். அந்த இடம் வந்ததும் மூவரும் ஒரே குரலில் “கயிறு” என்றோம். மில்லர்புரத்துக்காரி பயந்துபோனாள்.

குலசைக்காரி சொன்ன கடைசிப் பங்கில் கதாநாயகன் அவனை மன்னித்துவிடுகிறான். கடற்கரைக்காரி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “கயித்த விட்டவன எங்க தெருவுல மன்னிக்க மாட்டாவ. இவரு என்ன ஆளு” என்று அரை மணி நேரம் சண்டை போட்டாள். கதாநாயகனோடு சண்டை போட முடியாததால் குலசைக்காரியோடு போட்டாள்.

நான் மைத்துனனின் குணத்தைப் பற்றி ஒரு மாதிரிக் கட்டுரை எழுதினேன். தலைப்பு ‘கயிற்றை விட்ட கை’. அதை எழுதிவிட்டு நானே நாலு தடவை படித்து ரசித்தேன். குலசைக்காரி அதை மனப்பாடம் செய்தாள். கடற்கரைக்காரிக்கு மட்டும் என் கட்டுரை தேவைப்படவில்லை. நாலு வரிக்குப் பேனாவைக் கடித்தவள் இப்போது நாலு பக்கம் எழுதினாள். கடலை எழுதினாள், விதவையானவளை எழுதினாள், கயிறு பிடித்தவனின் உள்ளங்கையை எழுதினாள். ஆரம்பத்தில் றகரம் ரகரம் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். சிவப்புப் பென்சில் கரைந்துகொண்டே வந்தது. மாசி மாதம் பிறந்தபோது ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று பிழைதான். “இவள் தேறிடுவா” என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஆட வேண்டும் போல இருந்தது.

தமிழ்ப் பரீட்சை திங்கட்கிழமை. முந்தின நாள் மத்தியானம் புத்தகத்தைத் தைத்துக் கொடுப்பதற்காக நான்கு பங்கையும் வாங்கி வைத்திருந்தேன். கோணி ஊசியில் சணல் கோத்து, முதல் பங்கையும் இரண்டாவது பங்கையும் சேர்த்துப் பிடித்தேன். என் கடைசி வரி இடது பக்கத்தின் அடியில் இருந்தது. அவளுடைய முதல் வரி வலது பக்கத்தின் தலையில் இருந்தது.

‘ஒருநாள் விடியற்காலையில் ஆற்றிலே’ என்று முடிந்தது என்னுடையது. ‘குளிக்கப் போனவர்’ என்று தொடங்கியது அவளுடையது.

ஊசி விரலில் ஏறியதுகூட எனக்கு உறைக்கவில்லை. மனிதர் ஆற்றில் குளிக்கப் போயிருக்கிறார், வேறொன்றும் இல்லை. கூடப் போன மைத்துனன் அவர் முங்கும்போது நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டிருக்கிறான், ‘கைவிட்ட பாதகன்’ என்றது அதைத்தான். கடலும் இல்லை, கல்லும் இல்லை, கயிறும் இல்லை. நான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லில் தூத்துக்குடிக் கடல் முழுவதும் உள்ளே புகுந்துவிட்டது. ஏரல்காரி நான். தாமிரபரணி ஆற்றிலே குளித்து வளர்ந்தவள். ‘ஆற்றிலே’ என்ற சொல்லையே முழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தைத்த புத்தகத்தோடு கடற்கரைத் தெருவுக்கு ஓடினேன். அவள் அம்மா குசினியில் இருந்தார். கடலோரக் கத்தோலிக்கர்கள் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வார்கள். “வா மக்களே. அவ கெவிக்கு முன்னால உக்காந்து செவம் பண்ணுதா, இந்தா வந்துருவா” என்றார். கெவி என்பது மாதா சிலை இருந்த சின்னக் குகை, செவம் என்பது ஜெபம். பிறகு தானாகவே சொன்னார்: “கொழும்புல இருந்து நேத்தும் ஒரு கடிதாசி. ரிசல்ட்டு வரட்டும்னு அவ அப்பா சொல்லிட்டாவ. முன்னாலன்னா இவ பாசாவான்னு எனக்கு நம்பிக்க இல்ல. இப்பம் தமிழ்லயில்லா கொடி கட்டுதா. நீ நல்லாருப்ப.”

இதைக் கேட்டதும் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவளுக்குத் தமிழ் திறந்ததே அந்தக் கயிற்றினால். அதை இன்று அறுத்தால் நாளைக்குப் பழையபடி பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்து கடலை எழுதி முட்டை வாங்கினால்? உண்மையைச் சொல்கிறேன், இந்த இரண்டு பயத்தோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டுமே என்பதுதான் அது.

அவள் வந்தாள். என் முகத்தைப் பார்த்து, “என்னளா, பேயடிச்ச மாதிரி நிக்க?” என்றாள். அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினேன்.

படித்தாள். திரும்பவும் படித்தாள். விரலை ‘ஆற்றிலே’யின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்” என்றேன்.

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆத்துலயா? இடுப்பளவு தண்ணியிலயா செத்தாரு அந்த மனுசன்? இதுக்கா நான் ரெண்டு மாசமா அழுதேன்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எங்க ஆத்துல சுழி இருக்குளா. ஆளையே இழுத்துட்டுப் போயிரும். நீ வந்து எறங்கிப் பாரு.”

“சுழியாம் சுழி. நான் நின்னா முட்டு நனையுமா?”

பரீட்சை நாளைக்கு. நாங்கள் இருவரும் தாமிரபரணிக்கும் கடலுக்கும் எது ஆழம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, எதுவும் புரியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சண்டை ஓய்ந்ததும் அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் விரித்துப் பார்த்தாள். “சரி. கடலை எடுத்துட்டு ஆத்தப் போடணும். கயித்த எடுத்துட்டுக் கையப் போடணும். மத்ததெல்லாம் அப்படியே கெடக்கு. அம்புட்டுதான?” என்றாள்.

“அம்புட்டுதான்” என்றேன்.

“பொறவு எதுக்கு நீ இப்படி வேர்த்துப்போய் நிக்க? தண்ணி குடி.”

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் மற்ற இருவருக்கும் சொன்னோம். மில்லர்புரத்துக்காரி தலையை ஆட்டினாள். குலசைக்காரி மட்டும், “வெடிய வெடியக் கயித்தயில்லா படிச்சேன், இப்பம் வந்து ஆறுங்கியளே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கேள்வித்தாள் வந்தது. ‘கதாநாயகனின் தந்தை மாண்ட நிகழ்ச்சியையும் அதில் மைத்துனனின் பங்கையும் உன் சொந்த நடையில் எழுதுக.’ நான் தலையைத் தூக்கினேன். இரண்டு பெஞ்சு தள்ளி இருந்த கடற்கரைக்காரி என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நிற்கவே இல்லை. நானும் எழுத ஆரம்பித்தேன். அவளைப் பற்றிய கவலை தீர்ந்துபோன நிம்மதியில் என் கை குதிரையாக ஓடியது.

வெளியே வந்ததும் என்ன எழுதினோம் என்று பேசிக்கொண்டோம். குலசைக்காரி ஆறு, கை. மில்லர்புரத்துக்காரி ஆறு, கை. கடற்கரைக்காரி, “ஆறு, கை. சுழியும் போட்டேன். ஏரல்ல உண்டுன்னு நேத்து ஒருத்தி சொன்னா” என்றாள்.

நான் என்னுடைய வாக்கியத்தைப் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன். “விடியற்காலையில் ஆற்றங்கரையில் நின்றிருந்த மைத்துனன், தன் கையிலிருந்த கயிற்றை நழுவ விட்டான்.” சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஆற்றில் குளிக்கப் போன மனிதரின் இடுப்பில் நான் கயிற்றைக் கட்டி இறக்கிவிட்டிருந்தேன். குலசைக்காரி பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மில்லர்புரத்துக்காரி சிரித்த சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நான் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மதிப்பெண் விவரம் வந்தது பிறகுதான். அதை இப்போதே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். தமிழில் அவள் என்னைவிட மூன்று மதிப்பெண் கூடுதல். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். கோபமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பாஸானவர்களின் நம்பர்கள் பத்திரிகையில் வந்த அன்று சாயங்காலம் அவளும் அவள் அப்பாவும் எங்கள் கிட்டங்கிக்கு வந்தார்கள். குட்டையான மனிதர், அகலமான மார்பு. மூழ்கி மூழ்கி ஒரு காது மந்தம், அதனால் பக்கத்தில் இருப்பவரிடமும் சத்தமாகவே பேசுவார். என் அப்பாவிடம், “அண்ணாச்சி, உங்க மகள்ட்ட ஒரு வேல இருக்கு” என்று சொல்லிவிட்டு, மடித்த பத்திரிகையை என்னிடம் நீட்டினார். “மக்களே, இதுல இவ நம்பர் இருக்கான்னு பாரு. இருக்குன்னு இவ சொல்லுதா. பாதரும் இருக்குன்னுட்டாவ. நீயும் ஒருக்கா பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். இருந்தது. “இருக்கு மாமா” என்றேன்.

“இன்னொருக்கா பாரு.”

இன்னொரு தடவை பார்த்தேன். நம்பர் போட்டிருந்த இடத்தை அவர் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினேன். எழுத்துத் தெரியாத மனிதர். அந்த இடத்தில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அப்பம் கொழும்புக்கு எழுதிப் போட்டுரணும். வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு. சொந்தக்காரன், மனசு நோவப்பிடாது, நல்ல தமிழா இருக்கணும். நீதான் கெட்டிக்காரியாம. எழுது.”

அப்பா மேசையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்து மேலே சிலுவை போட்டு, ‘அன்புள்ள’ என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்குள் பேனா என் விரலிலிருந்து உருவப்பட்டது.

“தள்ளுளா. நான் எழுதுதேன்” என்றாள்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து எழுதினாள். அவள் அப்பா எதிரே நின்று, தலைகீழாகத் தெரிந்த அந்த வரிகளைப் பேனா போகிற வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பேனா எங்கும் நிற்கவில்லை, கடிபடவும் இல்லை. நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ‘தங்கள் விருப்பத்துக்கு இணங்க இயலாமைக்கு மிகவும் வருந்துகிறோம்’ என்று முடித்திருந்தாள். அந்த வருத்தம் அவள் முகத்தில் மருந்துக்கும் இல்லை.